இடது சுண்டுவிரல்

ஈரக் கையோடு வைத்தால் மெஷின் எடுக்காது. வேட்டியிலோ முந்தானையிலோ நன்றாகத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். ரொம்ப அழுத்தினாலும் எடுக்காது, ரேகை நசுங்கிவிடும். ஒரு நாளைக்கு எண்பது பேரிடமாவது இதைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளில் அடையாள அட்டை முகாம் நடக்கிறது. பெயர், முகவரி, பத்து விரல், இரண்டு கண். நான் மூன்றாம் நம்பர் மேஜை.

இந்த வருடம் பத்திரிகையைத் திறந்தால் இதைப் பற்றித்தான் விவாதம். சனங்களின் விரலையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது ஆபத்து என்று ஒருவர் எழுதுகிறார். மெஷின் ஆளை மாற்றிக் காட்டினால் ஏழை எங்கே போய் முறையிடுவான் என்று இன்னொருவர் கேட்கிறார். இவர்கள் மெஷினோடு பழகியவர்கள் இல்லை. மெஷின் ஆளை மாற்றிக் காட்டாது. ஒன்றரை வருடம் நான் தினமும் இரண்டு வேளை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அது தப்பு செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொன்னால் கொளஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இன்ஜினியரிங் சேர்ந்து இரண்டாம் வருடத்தோடு நின்றவன். பதினோரு அரியர். வீட்டில் அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 2005இலிருந்து மூன்று வருடம் சிதம்பரத்தில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தேன். எங்கோ தூரதேசத்து ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பட்டியல் வரும். பெயர், பிறந்த தேதி, வியாதி, டாக்டர் பெயர். மொத்தம் பதினாலு கட்டம். பதினாலும் நிறைந்தால் அந்த ஆள் அடுத்த மேஜைக்குப் போவார். ஒன்று குறைந்தாலும் சிவப்பாகித் திரும்பி வருவார். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை மூன்று வருடம் இதைச் செய்தால், ஆள் என்பது கட்டம்தான் என்று தெரிந்துவிடும். நான் கசப்பாகச் சொல்லவில்லை. வேலை அப்படி.

இருதயசாமி கடலூர் முதுநகரில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் மேனேஜர். 2008 கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அவர்களிடம் பருப்பு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலையாட்கள் யார், எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பது கையெழுத்தில் இருக்கக் கூடாது, விரல் ரேகையில் இருக்க வேண்டும். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், விரலை மாற்ற முடியாது என்பது அவர்கள் எண்ணம். பெண்களை மாலை ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே தாளில் இருந்தது. மெஷின் வாங்கியாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

முதல் நாள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பதிவு செய்தேன். பருப்பைத் தரம் பிரிக்கிற பெண்களுக்கு எடுத்தது. தோல் உரிக்கிறவர்களுக்கும் எடுத்தது. கொட்டை உடைக்கிற பத்துப் பேருக்கு மட்டும் எடுக்கவில்லை.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலைத் தின்றுவிடும். உடைப்பதற்கு முன்னால் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அதில் பாதிதான் நிற்கும். பல வருடம் உடைத்தவர்களின் விரல் நுனி கறுத்து, தேய்ந்த செருப்பு ரப்பர் மாதிரி மழுங்கிப்போயிருக்கும். கோடே இருக்காது. பத்துப் பேரும் மாற்றி மாற்றி வைத்தார்கள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சென்றது.

“யம்மாடி, மெசினுக்கே நம்பளப் புடிக்கலடி” என்றாள் அமராவதி. அவர்களில் மூத்தவள், ஐம்பது இருக்கும்.

“புடிக்கலன்னா போவட்டுமே. அது என்னா பொண்ணு பாக்கவா வந்துருக்குது” என்றாள் பக்கத்தில் நின்றவள். அவள்தான் கொளஞ்சி. இருபத்திரண்டு வருடமாகக் கொட்டை உடைக்கிறவள்.

இருதயசாமி என்னைத் தனியாக அழைத்தார். “டேனி, பதினஞ்சாந்தேதி அவுங்க ஆளு சோதனைக்கு வரான். பட்டியல்ல பத்துப் பேரு கொறையக் கூடாது. என்னா பண்ணுவியோ, பண்ணு.”

எனக்குப் பத்து விரல் இருந்தது. அவர்களும் பத்துப் பேர். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

அமராவதி வலது மோதிரவிரல். சின்னம்மாள் வலது ஆள்காட்டி. கொளஞ்சி இடது சுண்டுவிரல். இப்படிப் பத்தையும் பதிந்தேன். எனக்கென்று விரல் மிச்சமில்லாததால் நான் என் வருகையைக் கடவுச்சொல் போட்டுப் பதிந்துகொண்டேன். பெண்களிடம் மறைக்கவில்லை. அவர்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

“தம்பிக்கிக் கல்யாணம் ஆனா மோதரம் போடற வெரலு யாருது?” என்று கேட்டாள் கொளஞ்சி.

“அமராவதிக்காவுது.”

“அப்பறம் என்னா, அவளயே கட்டிக்க. பேரப் புள்ளைங்களோட வருவா, ஒனக்கு வேல மிச்சம்.”

அமராவதி சாம்பல் கையால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குப் பத்து விரல், மாலை ஐந்து மணிக்குப் பத்து விரல். ஐந்து மணிக்குப் பதிந்துவிட்டு, பட்டியலை அச்செடுத்துக் கோப்பில் வைப்பேன். பெண்கள் ஏழு மணி வரை உடைப்பார்கள். நாள் கூலி போக, ஐந்துக்கு மேல் உடைப்பதற்குக் கிலோ கணக்கில் தனியாகக் கிடைக்கும் என்பதால் அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

பொறுப்பாகத்தான் செய்தேன். யார் வந்திருக்கிறார்கள் என்று கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைப்பேன். ஒரு நாள் சின்னம்மாள் எல்லார் முன்னாலும், “படிப்பு ஏறாததுக்கு வெரலு ஏறிப் போச்சி” என்றாள். அன்று சாயங்காலம் வலது ஆள்காட்டியை நான் வைக்கவில்லை. காலையில் வைத்ததையும் அழித்தேன். அவள் அன்று முழுக்க வேலை செய்தாள், ஆனால் வரவில்லை. மறுநாள் கணக்குப்பிள்ளையிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். பட்டியலைக் காட்டினார். அதற்கடுத்த நாளிலிருந்து அவளாகவே எனக்கு டீ வாங்கிவர ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை.

நல்லதும் செய்திருக்கிறேன். கொளஞ்சி மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது மூன்று நாளும் சுண்டுவிரலை வைத்தேன். அவள் வீட்டில் படுத்தபடியே வேலைக்கு வந்தாள். குணமானதும் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். “சொளை எடுத்துக் குடுக்கலாம்னுதான் பாத்தன். எங் கையி பட்டா நீ சாப்புடுவியோ மாட்டியோ” என்றாள். சாப்பிட்டிருப்பேனா என்று எனக்கும் தெரியவில்லை.

அவளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், இசைவாணி. கடலூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ விண்ணப்பம் நிரப்ப என்று இரண்டு மூன்று முறை ஆபீஸுக்கு வந்திருக்கிறாள். நான் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுத்தேன். அண்ணா என்று கூப்பிடுவாள். ஒரு முறை அவள் இருக்கும்போதே ஐந்து மணியாகிவிட்டது. நான் எழுந்து பத்து விரலையும் வரிசையாக வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல எங்கம்மா எதுண்ணா?”

இடது சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

“கடைசியா?” என்று சிரித்தாள். “வூட்லயும் அப்புடித்தான். எல்லாரும் சாப்ட்டப்பறம்தான் அது சாப்புடும்.”

2010 மே மாதம் தீப்பிடித்தது. வறுக்கிற டிரம்முக்குப் பக்கத்தில் காய்ந்த ஓடு மலை மாதிரி குவிந்திருந்தது. ஓட்டில் எண்ணெய் இருப்பதால் ஒரு பொறி போதும். மாலை ஆறு மணி பத்து நிமிடம் இருக்கும். புகை கறுப்பாக, மேலே போகாமல் தரையோடு வந்தது. இருதயசாமி கொட்டகைப் பக்கம் ஓடி, “பின்னாடி போங்க, தோப்பு வழியாப் போயிருங்க, ரோட்டுப் பக்கம் யாரும் வராதீங்க” என்று கத்தினார். அந்த நேரத்தில் அங்கே பெண்கள் இருக்கக் கூடாது அல்லவா. அவர்கள் முள்வேலியை விலக்கிக்கொண்டு முந்திரித் தோப்புக்குள் ஓடினார்கள்.

நான் ஆபீஸ் அறைக்குப் போனேன். மெஷின் சுவரில் நாலு திருகாணியில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தேன். விலை உயர்ந்த பொருள், என் பொறுப்பில் இருந்தது.

பண்ருட்டியிலிருந்து தீயணைப்பு வண்டி ஆறரைக்கு வந்தது. இறங்கியதும் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி.

“உள்ள ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?”

இருதயசாமி என்னைப் பார்த்தார். ஐந்து மணிப் பட்டியல் இன்னும் கோப்புக்குப் போகாமல் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. எடுத்து நீட்டினேன். “எல்லாரும் அஞ்சு மணிக்கே அவுட் சார். வெரல் ரேகை வெச்ச பட்டியல்.”

அவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு ஆட்களை ஓட்டுக் குவியலுக்கும் கிடங்குக்கும் அனுப்பினார். தீ கிடங்குக்குப் பரவாமல் தடுப்பதுதான் முக்கியம் என்று முடிவு செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அமராவதி தோப்பைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது.

“தம்பி, கொளஞ்சி வெளிய வந்துட்டாளா?”

ட்ரையர் அறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உடைத்த பருப்பைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்துகிற அறை அது. கதவு கோணிப்போய்த் தானாகத் திறந்துகொள்ளும், சூடு வெளியே போய்விடும். அதனால் தட்டைத் திருப்ப ஒருத்தி உள்ளே போனால், வெளியே இருக்கிறவள் நாதாங்கியைப் போட்டுவிடுவாள். உள்ளே வேலை முடிந்ததும் கதவை இரண்டு முறை தட்டுவார்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் திறந்துவிடுவார்கள். எத்தனையோ வருடமாக அப்படித்தான். அன்று உள்ளே போனது கொளஞ்சி. நாதாங்கி போட்டது அமராவதி. தீ என்று சத்தம் கேட்டதும் எல்லாரோடும் சேர்ந்து ஓடிவிட்டாள்.

“பட்டியல்ல எல்லாரும் வெளிய போயாச்சுக்கா” என்று சொன்னேன். “இங்க நிக்காதீங்க. போலீஸ் வருது.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் கையிலிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் காலை அறையைத் திறந்தார்கள். கொளஞ்சி தட்டுகளுக்கு நடுவில் கிடந்தாள். தீ அங்கே வரவில்லை, புகைதான் வந்திருந்தது.

ஐந்து மணிக்கு வெளியே போனவள் ஆறு மணிக்கு மேல் பருப்பு அறையில் எப்படி இருந்தாள் என்ற கேள்வி எழுந்தது. பருப்புக்கு நடுவில் கிடந்தவள் பருப்பு எடுக்கத்தான் திரும்பி வந்திருப்பாள் என்று இருதயசாமி சொன்னார். கதவு சூட்டில் இறுகிக்கொண்டிருக்கும் என்றார். நாதாங்கியை யாரும் விசாரிக்கவில்லை. திறந்த அவசரத்தில் அது எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவள் திருடி என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. நேரத்தை மட்டும் சொன்னேன். ஐந்து மணி நாலு நிமிடம். மெஷினைத் துணியில் சுற்றி அரக்கு வைத்துக் கடலூருக்கு எடுத்துப்போனார்கள்.

ஐந்தாம் நாள் இசைவாணி என்னைத் தேடிச் சிதம்பரத்துக்கு வந்தாள்; டேட்டா என்ட்ரி காலத்து அறையை நான் விட்டிருக்கவில்லை. என் அறைக்குள் வரவில்லை, தெருவிலேயே நின்று பேசினாள்.

“தெருவுல என்னயப் பருப்புத் திருடி மவள்னு சொல்றாங்கண்ணா. எங்கம்மா ஒரு பருப்பு வூட்டுக்குக் கொண்டாந்தது கெடையாது. நானு கேட்டாக்கூடக் கொண்டாராது. அது அஞ்சு மணிக்கு வெளிய வரவே இல்ல. ஒங்களுக்குத் தெரியும். வெரலு வெச்சது நீங்கதான்.”

“தெரியும்.”

“அத மட்டும் சொல்லுங்க. எனக்குக் கம்பெனியோட காசு வேணாம். யாரும் செயிலுக்குப் போவணும்னும் இல்ல. அந்த ஒரு வார்த்தைய எங்கம்மா மேலேருந்து எடுத்துருங்க, போதும்.”

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. “விசாரணையில சொல்றேன்” என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளில் கடலூரில் விசாரணை. அதற்குக் கொடுத்த மனுவில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்: டேனியை அந்த மெஷினில் விரல் வைக்கச் சொல்லுங்கள், எங்கள் அம்மா பெயர் வரும்.

சரியான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவளுக்கு நல்ல மூளை.

முதலில் ஒன்பது வீட்டுக்கும் போனேன். ஒரே நாளில் முடிந்துவிட்டது. யாரையும் மிரட்டவில்லை. சட்டத்தை விளக்கினேன். அடுத்தவர் விரலில் வருகை வைத்தது ஆள்மாறாட்டம். வைத்தவனுக்கு மட்டுமில்லை, அதில் கூலி வாங்கியவர்களுக்கும் தண்டனை உண்டு என்று சொன்னேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அமராவதியிடம் கூடுதலாக ஒரு வாக்கியம் சொன்னேன். “நாதாங்கிய யாரு போட்டதுன்னு கேப்பாங்கக்கா.” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு கம்பெனிக்குப் போனேன். எரியாத ஓடு ஒரு மூலையில் கிடந்தது. டிரம்முக்கு அடியில் எண்ணெய் வடிகிற தொட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. கறுப்பாக, பாகு மாதிரி. முதல் நாள் இரண்டு கையையும் விரல் முட்டி வரை வைத்துக்கொண்டு நூறு எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் எரிய ஆரம்பித்தது. இரண்டாம் நாள் கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளத்தோடு வைத்தேன். நாலாம் நாளும் வைத்தேன். சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. ஒன்பதாம் நாள் தோல் உறை மாதிரி கழன்று வந்தது. அடியில் சிவப்பாக, வழவழப்பாக, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. கொளஞ்சி இதை இருபத்திரண்டு வருடம் செய்தாள். நான் நாலு நாள் செய்தேன். அவர்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

விசாரணைக்கு ஒன்பது பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. அரக்கை உடைத்து மெஷினை மேஜையில் வைத்தார்கள். இருதயசாமி விரல் வைத்தார், அவர் பெயர் வந்தது. கணக்குப்பிள்ளை வைத்தார், வந்தது. மெஷின் நல்ல நிலையில் இருப்பதாக விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு நான் வைத்தேன். பத்து விரலையும், ஒவ்வொன்றையும் மூன்று முறை. முப்பது முறை கீச்சென்றது.

“கையி என்னாச்சிங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“தீக்கு அப்பறம் ஓட்ட அள்ளிப் போட ஆளு இல்ல சார். நானும் சேர்ந்து அள்ளுனேன்.”

இருதயசாமி தலையை ஆட்டினார்.

இசைவாணி எழுந்தாள். “சார், அவரு கம்ப்யூட்டர்ல உக்காந்து வேல பாக்கறவரு. அவரு எதுக்கு சார் ஓட்ட அள்ளுனாரு? எங்கம்மா கையப் பாத்துருக்கீங்களா? அதுக்கு ரேகையே கெடையாது சார். பாங்குலயே எடுக்காது. இந்த மெசினு மட்டும் எப்புடி சார் எடுத்துச்சி?”

அதிகாரி என்னைப் பார்த்தார். மெஷினைப் பற்றித் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். மழைக்காலத்தில் உடைப்பு நின்றிருந்தபோது பதிவு செய்தது, அப்போது தோல் வளர்ந்திருந்தது, ஒரு முறை நன்றாகப் பதிந்துவிட்டால் பிறகு கொஞ்சம் தேய்ந்தாலும் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேறொருவரின் விரல் என்பதற்கு ஆதாரம் இல்லை, பதிவு நிற்கிறது என்று எழுதி முடித்தார். வேறென்ன எழுத முடியும்.

வெளியே வந்தபோது இசைவாணி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதை நான் பங்குச்சாமியிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, மனஸ்தாபப்பட வேண்டும். எனக்கு அந்தப் பகுதி வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்வது பொய்.

மூன்று மாதத்தில் என் ரேகைகள் திரும்பி வளர்ந்துவிட்டன. முன்பு இருந்த அதே கோடுகள். அதற்குள் அந்த மெஷினில் இருந்ததையெல்லாம் நான் அழித்துவிட்டு, கம்பெனிக்குப் புதியது வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த முகாம் வேலை கிடைத்தது.

போன திங்கட்கிழமை டோக்கன் நாற்பத்தொன்று என் மேஜைக்கு வந்தது. இசைவாணி. உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். பின்னால் கூட்டம் நின்றது. உட்கார்ந்தே இருந்தாள்.

விவரம் கேட்டேன். புவனகிரியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சிதம்பரத்தில் வாடகைக்கு ஒரு அறை, தனியாக இருக்கிறாள். அண்ணாகிராமத்தை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

“தாயார் பேரு?”

“கொளஞ்சி. ஒங்களுக்கு எழுதத் தெரியும்.”

தட்டச்சு செய்தேன். விரல் வைக்கும்போது நாங்கள் கையைப் பிடித்துக் கண்ணாடியில் சரியாகப் பொருத்த வேண்டும். கையை நீட்டினேன்.

“தொடாதீங்க. நானே வெச்சிக்கறேன்.”

அவளே வைத்தாள். நாலு, நாலு, இரண்டு கட்டைவிரல். பத்தும் முதல் முறையிலேயே பச்சை. அவ்வளவு தெளிவான ரேகை அன்று வேறு யாருக்கும் வரவில்லை. அவள் அம்மா அவளை ஒரு நாளும் கொட்டை உடைக்க விட்டதில்லை.

ரசீது அச்சாகிக்கொண்டிருந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டாள். “நீங்க பொய் சொல்ற ஆளுன்னு எனக்குத் தெரியும். ஆனா வேற யாரையும் கேக்க முடியாது. நீங்கதான் கடைசியா ஆபீஸ்லேருந்து வெளிய வந்தீங்கன்னு சொன்னாங்க. எங்கம்மா கூப்புட்டுச்சா?”

“இல்ல” என்றேன். “புகையில ஒடனே மயக்கம் வந்துரும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரசீதை எடுத்துக்கொண்டு போனாள். நம்பினாள் என்றே நினைக்கிறேன்.

கூப்பிட்டாள். ஆபீஸ் அறைக்கும் ட்ரையர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் முதல் திருகாணியைக் கழற்றும்போது கதவை இரண்டு முறை தட்டினாள். வழக்கமாகத் தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல். இரண்டாவதைக் கழற்றும்போது நிறுத்தாமல் தட்டினாள். மூன்றாவதில், “தம்பி, தெறப்பா, நானு கொளஞ்சி” என்றாள். ஆபீஸில் இருப்பது நான்தான் என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருந்தது. நாலாவது துருப்பிடித்திருந்தது, நேரமானது. அதற்குள் இருமல் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது நாதாங்கி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் மெஷின் இருந்தது, கீழே வைத்திருக்கலாம். ஆனால் ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு வெளியே போய்விட்டவள் ஆறே கால் மணிக்கு எல்லார் கண் முன்னாலும் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தால், பட்டியல் பொய்யாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். பட்டியல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

மறைக்க எனக்கு இனி எதுவும் இல்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டுமானால், இசைவாணியின் முகவரியையும் போன் நம்பரையும் என் கைபேசியில் குறித்துவைத்திருக்கிறேன். விதிப்படி கூடாது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் கேள்வியை அவள் வேறு எங்கும் போய்க் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான். இந்த வாரம் இரண்டு முறை அந்தத் தெரு வழியாகப் போனேன். மாடியில் கடைசி அறை. கதவு சரியாக மூடுவதில்லை போலிருக்கிறது, சாத்திவிட்டு உள்ளே ஒரு நாற்காலியை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. ஒண்டியாக இருக்கிற பெண். அவள் எங்கே இருக்கிறாள் என்பது யாராவது ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லதுதானே.